பிடிமண்ணில் கொத்தமல்லி

எங்கள் லயத்தில் ஒரு பொருளை யாரிடம் கொடுத்து வைக்கலாம் என்ற பேச்சு வந்தால் எல்லோரும் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். நான் யோக்கியமானவள் என்பதால் மட்டும் இல்லை. என்னிடம் இருக்கிற பொருளை எவரும் கேட்காமல் தொட்டுவிட முடியாது. அப்படிப்பட்ட வாய் எனக்கு. என் வீட்டுக்காரர் இதைச் சில நாள் பெருமையாகச் சொல்வார், சில நாள் வேறு மாதிரிச் சொல்வார். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளைத்தான் லயம் என்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் லைன் வீடு என்பார்கள். நீலகிரிக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் சிலோனில் பழகிய சொல்லை விட எனக்கு மனசு வரவில்லை.

அப்படித்தான் பிடிமண் இருந்த பிஸ்கட் டின்னும் என்னிடம் வந்து சேர்ந்தது.

ஒரு ஊரை விட்டுக் குடிபெயர்ந்து போகிறவர்கள் அந்த ஊர்க் கோயிலில் இருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போவது எங்கள் ஆட்களின் வழக்கம். போகிற இடத்தில் அந்த மண்ணைப் புதைத்து அதன் மேல் கோயில் எழுப்பினால் அம்மனும் கூடவே வந்துவிட்டாள் என்று அர்த்தம். எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் தமிழ்நாட்டில் இருந்து சிலோனுக்குப் போனபோது அப்படித்தான் கொண்டு போனார்களாம். இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் எங்களைத் திருப்பி அனுப்பியபோது நாங்கள் அதையே திரும்பக் கொண்டு வந்தோம். சிலோனில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஒரே தடவையில் கிளம்பிய குடும்பங்கள் ஒவ்வொன்றும் மாரியம்மன் கோயில் வாசலில் இருந்து ஒரு பிடி எடுத்து அந்த டின்னில் போட்டன. மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருக்கும் டின் அது. என் அம்மா அதை மஞ்சள் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

கப்பலில் இருந்து இறங்கியதும் சாமான்களைச் சோதித்த அதிகாரி டின்னைத் திறக்கச் சொன்னார். உள்ளே விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார். நகையும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்தியாவில் மண் கிடைக்காதா என்று கேட்டார். அது எங்கள் அம்மன் என்று என் அம்மா சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த விரலாலேயே நெற்றியில் இட்டுக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். இந்த ஒரு கதையைச் சொல்லியே என் அம்மா, சிலோனில் இருந்து வந்தவர்களைத் தங்க வைத்த மண்டபம் முகாமில் பொழுதை ஓட்டினாள்.

மஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு வேலை கிடைத்தது. வந்த வருஷமே கோயில் பேச்சும் ஆரம்பித்தது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே கட்டவேண்டும் என்று ஒரு கட்சி. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் என்று இன்னொரு கட்சி. அம்மா செத்துப் போய் டின் என் கைக்கு வந்த பிறகும் சண்டை அப்படியே இருந்தது. உண்மையைச் சொன்னால் இடம் ஒரு சாக்குத்தான். இங்கே மண்ணைப் புதைத்துவிட்டால் அப்புறம் அங்கே திரும்பிப் போவது என்ற பேச்சுக்கே இடம் இல்லை. அது எல்லோருக்கும் உள்ளே தெரியும், ஆனால் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. டின் என் வீட்டு அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் புகை குடித்துக்கொண்டு கிடந்தது. மஞ்சள் துணி கறுப்பாகி, பிறகு இற்று, ஒரு நாள் தானாகவே விழுந்துவிட்டது.

இந்த நிலையில்தான் என் தம்பி கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தான். அவன் கொழுந்து லாரி ஓட்டினான். கொழுந்து இல்லாத நாளில் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருகிற பழக்கத்தில், காரமடைப் பக்கத்துப் பெண் ஒருத்தியைப் பேசி முடித்துவிட்டான். லயத்தில் அன்றைக்கு ஒரு வீட்டிலும் முகம் சரியில்லை. கப்பலில் வந்த பெண்கள் இத்தனை பேர் இருக்கும்போது கீழ்நாட்டுப் பெண் எதற்கு என்று என் காதுபடவே கேட்டார்கள். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. ஆனால் என் தம்பியை நான் திட்டலாம், மற்றவர்கள் திட்டினால் சும்மா விடமாட்டேன்.

வந்த பெண் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். தம்பிக்குத் தனி வீடு அப்போது கிடைக்கவில்லை. புருஷனின் அக்காவை அவர்கள் ஊரில் நங்கை என்று கூப்பிடுவார்களாம். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டபோது லயமே சிரித்தது. எதைச் சொன்னாலும் கூட ஒரு 'ங்க' போடுவாள். நாயை விரட்டும்போதுகூட "போங்க" என்று சொல்லிவிடுவாளோ என்று என் வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். வேலைக்கு அஞ்சாதவள். ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப் போக ரொம்ப நாள் ஆகவில்லை, ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மாசி மாதம் என் தங்கைக்குப் பிரசவம். அவள் நாடுகாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாள். நான் லீவு சொல்லிவிட்டு அங்கே போய்விட்டேன். குழந்தை பிறந்து, தங்கை எழுந்து நடமாடி, நான் ஊட்டி வந்து மஞ்சூர் பஸ் பிடித்துத் திரும்பும்போது பங்குனி பாதி ஆகிவிட்டது. அந்தப் பாதையில் பஸ் திரும்புகிற திருப்பத்துக்கு வயிற்றில் இருப்பதெல்லாம் தொண்டைக்கு வந்துவிடும். நான் இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கோழிக்கார அக்கா வந்தாள்.

கோழிக்கார அக்கா எங்கள் அடுத்த வீடு. எங்களோடு ஒரே கப்பலில் வந்தவள். புருஷனைச் சிலோனிலேயே, எங்கள் தோட்டத்து மலையில் புதைத்துவிட்டு, பிள்ளைகுட்டி இல்லாமல் தனியாக வந்தவள். இங்கே வந்து கோழி வளர்த்தாள். அவள் வாய்க்கு முன்னால் என் வாய் ஒன்றுமே இல்லை என்பதை நானே ஒத்துக்கொள்வேன். அவள் என்னைப் பார்த்ததும் நலம்கூட விசாரிக்காமல் இரண்டு சேதி சொன்னாள். ஒன்று, இடச் சண்டை தீர்ந்து பீலிக்கு மேலேயே கோயில் என்று முடிவாகிவிட்டது, சித்திரை முதல் வெள்ளிக்கிழமை மண் புதைக்கிறார்கள். இரண்டாவது, என் தம்பி பொண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை, பச்சைக் கொத்தமல்லி வாசனை ஒன்றுதான் பிடிக்கிறது, அதனால் அவளே வாசலில் மல்லி போட்டிருக்கிறாள், லயம் முழுக்க இப்போது அவள் மல்லியில்தான் ரசம் என்றாள். இந்தக் குளிர் மண்ணில் எங்களுக்கு ஒரு நாளும் ஒழுங்காக முளைக்காத மல்லி அவள் கைக்கு மட்டும் எப்படி வருகிறதென்று அக்காவுக்கே ஆச்சரியம். உரத்துக்குக் கோழி எரு கொடுத்ததே தான்தான் என்று பெருமை வேறு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் மயக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி பொண்டாட்டி என்னை உட்கார வைத்து, பால் விடாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, தின்பதற்கு ஒரு டின்னைத் திறந்து நீட்டினாள். மூடியில் சீமாட்டி பளபளவென்று இருந்தாள். நாய்க்குட்டியின் மூக்குகூடத் தெரிந்தது. புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். உள்ளே, அம்மன் இருந்த இடத்தில், முறுக்கு.

நான் ஒரு முறுக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இதில் இருந்தது எங்கே என்று கேட்டேன். அவள் வெகுளியாக வாசலைக் காட்டினாள்.

"செம்மண்ணு இருந்துச்சுங்க நங்கை. எங்க ஊட்லயும் அம்மா அடுப்பு மெழுக டப்பாவுல போட்டு வெப்பாங்க. இங்க மண்ணு சில்லுன்னு இருக்குதுங்களா, மல்லி வர மாட்டேங்குது. அதான் அந்தச் செம்மண்ணை எடுத்து எரு கலந்து பக்கெட்டுல போட்டனுங்க. எப்படி வந்திருக்குது பாருங்க."

வாசலில் ஓட்டைப் பக்கெட் ஒன்றில் மல்லி தளதளவென்று நின்றது. வெட்டி வெட்டி எடுத்ததில் நன்றாகக் கிளைத்திருந்தது. சிலோனில் இருந்து கடல் தாண்டி வந்த எங்கள் அம்மன் கோழி எருவோடு கலந்து அந்தப் பக்கெட்டில் இருந்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வழியே இல்லை. பிடிமண்ணைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு அது அவ்வளவு தெரிந்த விஷயமாக இருந்ததால், ஒருத்திக்குத் தெரியாமல் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனால் லயத்தில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாயும் வயிறுமாக இருக்கிறவள். தெய்வக் குற்றம் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் போதும். அப்புறம் அவளுக்குக் கால் வழுக்கினாலும் அதுதான் காரணம், பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் அதுதான் காரணம். பிள்ளைக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் அவளால் அந்த லயத்தில் குடியிருக்கவே முடியாது. அதைவிட மோசம், அவளே அதை நம்பிவிடுவாள்.

மறைத்துவிடலாம் என்றால், மறைப்பது யாரிடம்? ஒவ்வொரு குடும்பமும் தன் கையால் அள்ளிப் போட்ட மண். என்னை நம்பிக் கொடுத்தது. என்னிடம் சேலையோ பாத்திரமோ கொடுத்து வைத்திருந்தால் வேறொன்று வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரரைத் தேயிலைக்குள் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரை அப்படித் தனியாகக் கூட்டிப் போனதில்லை. மனிதர் என்னவோ ஏதோ என்று நினைத்துத் தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார். கேட்டு முடித்ததும் முதலில் சிரித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கடைசியில், இங்கேயே ஒரு சரிவில் செம்மண் இருக்கிறது, அதில் இருந்து அள்ளி டின்னில் போட்டுவிடு என்றார். மண் எழுந்து நின்று நான் வேறு மண் என்று சொல்லப் போகிறதா என்று கேட்டார். அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. டூப்ளிகேட் சாமிக்கு என்னைச் சூடம் கொளுத்தச் சொல்கிறீர்களா என்று அவரிடம் சண்டை பிடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் தம்பி பொண்டாட்டியைக் கோழிக்கார அக்காவோடு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மற்றவர்கள் எல்லோரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விட்டார்கள். நான் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டேன். பக்கெட்டைக் கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போய், மல்லியை எல்லாம் பிடுங்கி, மண்ணை உதிர்த்து, மாவு சலிக்கிற சல்லடையில் போட்டுச் சலிக்க ஆரம்பித்தேன். அசல் மண்ணை வைத்துக்கொள்வது, அவளையும் காட்டிக் கொடுக்காமல் இருப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மண்ணும் எருவும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன் பாருங்கள், என் புத்தியை என்னவென்று சொல்வது. எது அம்மன், எது கோழி என்று எனக்கு விளங்கவே இல்லை. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சலித்தேன். ஒருமுறை தும்மலும் வந்துவிட்டது.

சலித்ததை டின்னில் அடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். முறுக்கை வேறு சட்டிக்கு மாற்றினேன். பிடுங்கிய மல்லியைத் தேயிலைக்குள் வீசிவிட்டு, காலிப் பக்கெட்டை வாசலில் கவிழ்த்துப் போட்டேன். கேட்டால் ஏதோ வந்து சாய்த்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் என் திட்டம். அந்த 'ஏதோ' என்னவென்று நான் யோசிக்கவில்லை.

தம்பி பொண்டாட்டி யோசித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் பக்கெட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். அவளுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கியதே அந்த மல்லியால்தான். நான் பார்க்காதவள் மாதிரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். மறுநாள் விடிந்து பீலியில் தண்ணீர் பிடிக்கப் பெண்கள் எல்லாம் கூடியிருந்தபோது, அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கோழிக்கார அக்கா முன்னால் போய் நின்றாள். உங்கள் கோழியைக் கொஞ்சம் கட்டிப் போட்டிருக்கலாம் என்று ஆரம்பித்தாள். எல்லாம் ங்க போட்டுத்தான். திட்டுகிறவள் மரியாதையாகத் திட்டினால் வாங்குகிறவளுக்குக் கோபம் இன்னும் ஏறும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோழிக்கார அக்கா முதலில் நியாயம்தான் பேசினாள். கோழி மல்லியைத் தின்னும், மண்ணையும் சேர்த்தா தின்னும், பக்கெட்டில் ஒரு பொட்டு மண் இல்லையே என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் கலந்துகொண்டார்கள். ஒருத்தி, எரு கொடுத்த கைக்கு இது வேண்டியதுதான் என்றாள். இன்னொருத்தி, கீழ்நாட்டுப் பிள்ளைக்கு நம் வீட்டுக் கோழிகூடக் கண்ணை உறுத்துகிறது என்றாள். பேச்சு கோழியை விட்டுக் கல்யாணத்துக்குப் போய், கப்பல் வரைக்கும் போய்விட்டது. தம்பி பொண்டாட்டிக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் கோழிக்கார அக்காவுக்கு என்ன தோன்றியதோ, விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். அவள் எங்கே போனாலும் பின்னாலேயே வருகிற வெள்ளைக் கோழி ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் கத்தி.

இதுதானே உன் மல்லியைத் தின்றது, இதை இப்பவே அறுத்து உனக்கே குழம்பு வைத்துத் தருகிறேன், இத்தோடு தீரட்டும் என்றாள். சொல்லும்போது அவள் உதடு நடுங்கியது. அந்தக் கோழியைத் தன் சோற்றில் இருந்து எடுத்து ஊட்டுகிறவள் அவள். அது அவள் கக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்து எங்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் நல்ல காரியம் என்று நினைத்துத்தான் மறைத்தேன். அது இப்போது ஒன்றும் செய்யாத ஒருத்தியின் தலையிலும், அதைவிட ஒன்றும் செய்யாத ஒரு கோழியின் கழுத்திலும் வந்து நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் கோழியோடு போய்விடும். தம்பி பொண்டாட்டி தப்பித்துவிடுவாள். வாயைத் திறந்தால் அவள்தான் மாட்டுவாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"கோழியை விடுக்கா," என்றேன். "மண்ணை எடுத்தது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். டின், முறுக்கு, பக்கெட், சல்லடை. சொல்லும்போது இவளுக்குப் பிடிமண் என்றால் என்னவென்றே தெரியாது, நாம் யாரும் சொல்லவில்லை என்று மூன்று நாலு தடவை சொன்னேன். யார் காதிலும் அது ஏறியதாகத் தெரியவில்லை. பீலியில் தண்ணீர் மட்டும் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது. பேச்சு வருவதற்கு முன்னால் பார்வை வந்துவிட்டது. ஒருத்தர் பின் ஒருத்தராக அவள் வயிற்றைப் பார்த்தார்கள். யாரோ மெதுவாக, அம்மா தாயே, பிள்ளைத்தாச்சி கையாலயா இந்தக் குத்தம் நடக்கணும் என்றாள். தம்பி பொண்டாட்டி வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டாள். உண்மையைச் சொன்னதற்காக என் மேலேயே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

கோழிக்கார அக்கா கத்தியைக் கீழே போட்டாள். கோழியை இறக்கி விட்டாள்.

"அந்த டின்னுல நான் போட்டது கோயில் மண்ணு இல்ல," என்றாள். "எல்லாரும் வாசல்ல அள்ளினீங்க. நான் முன்னாடியே மலைக்குப் போய் எங்க ஆளைப் பொதைச்ச எடத்துல அள்ளி முந்தியில முடிஞ்சு வச்சிருந்தேன். அதைத்தான் போட்டேன். அந்த மனுசனை அங்க தனியா விட்டுட்டு வர எனக்கு முடியல. சாவு மண்ணு கலந்து இத்தனை வருசமாச்சு. அம்மனுக்குக் கோவம்னா மொதல்ல என்னையத்தான் கேக்கணும். இந்தப் பிள்ளை மல்லிதானே போட்டுச்சு. இதை யாரும் ஒன்னும் சொல்லக் கூடாது."

சாவு மண் என்பது கோழி எருவைவிடப் பெரிய தீட்டு. அதற்கு முன்னால் மல்லி ஒரு விஷயமே இல்லை. ஆனால் அதைச் சொன்னது கோழிக்கார அக்கா. அவளை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல அந்த லயத்தில் யாருக்குத் தைரியம்? அதோடு, புருஷனை விட்டுவிட்டு வந்த கதையைக் கேட்ட பிறகு எப்படிப் பேசுவார்கள், தன் ஆட்களை அந்த மலையில் விட்டு வராதவர்கள் அங்கே ஒருத்தரும் இல்லை. இரண்டு மூன்று பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

கடைசியில் எங்கள் பக்கத்து வரிசையில் இருந்த ஒருத்தி, இந்த மல்லி ரசத்தை நாம் எல்லோருமே குடித்திருக்கிறோமே, குற்றம் என்றால் எல்லோருக்கும்தானே என்றாள். தன் வீட்டில் மூன்று நாள் தொடர்ந்து துவையல் என்று இன்னொருத்தி சொன்னாள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அழுகிறவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றைக்குப் பெரட்டுக்குப் பாதிப் பேர் நேரத்துக்குப் போகவில்லை.

கோயில் வேலையை முன்னின்று நடத்தியவரிடம் ஆண்கள் கூடிப் பேசினார்கள். அவர் அதிகம் யோசிக்கவில்லை. வேறு மண் கொண்டுவர இனி கடல் தாண்டிப் போக முடியாது, இருப்பதைப் பாலும் மஞ்சள் தண்ணீரும் தெளித்துப் புதைத்துவிடலாம் என்றார். சித்திரை முதல் வெள்ளிக்கிழமை, பீலிக்கு மேலே, நான் சலித்த மண்ணைப் போட்டு மூடினார்கள். மேளம் அடித்தார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்தில் என் காதருகே வந்து, அசல் மண்தானே என்று கேட்டார். நான் அவர் காலை மிதித்தேன்.

ஆனாலும் பேச்சு முழுக்க நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். தம்பி பொண்டாட்டிக்குக் கால் வீங்கியபோது ஒருத்தி 'ம்' என்றாள். வெறும் 'ம்'தான். அந்த 'ம்'முக்கு நான் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. தம்பி பொண்டாட்டி யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டே போவாள். ஆனால் தினமும் பீலிக்குப் போகும்போது அந்த இடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். அன்றைக்கு நான் பேசாமல் ஒரு கோழியைச் சாக விட்டிருந்தால் இந்தப் பயம் இவளுக்கு வந்திருக்காதே என்று நினைப்பேன். அடுத்த நிமிஷமே அக்காவின் உதடு நடுங்கியது ஞாபகம் வரும். இரண்டில் எது சரி என்று எனக்குள் நானே வழக்காடிக்கொண்டிருப்பேன், தீர்ப்பு வராது.

ஐப்பசியில் அவளுக்கு வலி கண்டது. விடிந்ததும் லாரியிலேயே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நானும் கோழிக்கார அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மழை பெய்தது, விட்டது, மறுபடி பெய்தது. மத்தியானம் தாண்டியும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே போய்வந்த நர்சின் முகம் சரியில்லை. தலைப்பிரசவம் இழுக்கத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பிரசவம் பார்த்தவள். ஆனாலும் என் மனசு பீலிக்கரையிலேயே நின்றது. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஊர் அவளைச் சொல்லும், அந்தப் பேச்சை எடுத்துக் கொடுத்தவள் நான்.

பயத்தில் ஏதாவது பேசவேண்டும் போல இருந்தது. இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. டின்னில் மண் போட்ட அன்றைக்கு நானும் கோயில் வாசலில்தான் நின்றேன். அவள் எங்களோடு குனிந்து அள்ளியதைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

"அக்கா, அன்னைக்குச் சொன்னியே, மலையில அள்ளின மண்ணுன்னு. அது நெசமா?"

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருக்கிற பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா நெசம்," என்றாள். "நல்லபடியா பொறந்துட்டா பொய்யி."

நான் உண்மையைச் சொல்லிவிட்டு அதன் பாரத்தை ஒரு சின்னப் பெண்ணின் தலையில் ஏற்றியிருந்தேன். இவள் அதை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, இத்தனை மாதமாக ஒரு வார்த்தை பேசாமல் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருந்தவள் அவள்தான்.

மழை மறுபடி விட்டபோது உள்ளே பிள்ளை அழுதது. நர்சு கதவைத் திறந்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் நல்லா இருக்காங்க என்றாள். நான் அழுதுவிட்டேன். கோழிக்கார அக்கா எழுந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள். முந்தானையால் முகத்தை நன்றாக அழுத்தித் துடைத்தாள்.

"கேட்டுக்கிட்டியா, பொய்யி," என்று என்னிடம் சொல்லிவிட்டு, பிள்ளையைப் பார்க்க எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டாள்.